கோதுமைத் தட்டு, கொத்தமல்லிச் சட்டி, புளித்த மாவு: செய்து பார்த்த குறிப்புகள்

சங்கீதம் 128-இல் ஆறே வசனங்கள்தான். உழைத்த கையின் பலனைச் சாப்பிடுவது, கனிதரும் திராட்சக்கொடி, பந்தியைச் சுற்றி ஒலிவமரக் கன்றுகள்போல் பிள்ளைகள் என்று தோட்டமும் சமையலும் விசுவாசமும் அதற்குள் ஒரே வீட்டுக் காரியமாக வந்துவிடுகின்றன. இவற்றை மூன்று தனி வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் எதற்குமே நேரம் போதாது. ஆனால் விதை ஊற வேண்டும், மாவு புளிக்க வேண்டும், பருப்பு வேக வேண்டும். இந்த வேலைகளில் பாதி நேரம் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில் ஜெபத்தையும் வாசிப்பையும் வைத்துப் பார்த்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

கோதுமைத் தட்டு

பிள்ளைகளோடு தொடங்க இதுவே நல்ல பயிர். மூன்றாம் நாளே வெள்ளை வேர் தெரிந்துவிடும், சலிப்பு வருவதற்குள் பச்சை வந்துவிடும். சாப்பிட வாங்கிய முழுக் கோதுமையே போதும். விதைப்புக்கென்று விற்பதில் சாயம் கலந்த பூசணக்கொல்லி பூசியிருக்கலாம். பிள்ளைகள் கைவைக்கும் தட்டில் அது கூடாது. கோதுமை பழையதாக இருக்குமோ என்று தோன்றினால் முதலில் 20 மணிகளை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பதினாறுக்குக் குறைவாக முளைத்தால் வேறு கோதுமை எடுப்பது நல்லது.

25 செ.மீ. சதுரத் தட்டுக்கு 150 கிராம் கோதுமை. இரவு கழுவி 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் காற்றில்லாமல் முளை அழுகத் தொடங்கும். காலையில் வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி ஒரு நாள் வைத்தால் நுனியில் 2 மி.மீ. வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அடியில் துளையுள்ள தட்டில் 3 செ.மீ. உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவைப் பரப்பி, அதன்மேல் மணிகள் ஒன்றையொன்று தொடும் நெருக்கத்தில் தூவுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் தங்கியிருக்கும் உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும்.

இரண்டு நாள் இன்னொரு தட்டால் மூடிவையுங்கள். பிறகு வெளிச்சமான ஜன்னலோரம். மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதைவிட, தட்டை ஒரு விரற்கடை தண்ணீரில் பத்து நிமிடம் உட்காரவைத்து எடுப்பதே சிறந்தது. ஏழு முதல் பத்து நாளில் ஒரு சாண் உயரம் வரும்.

இதில் வரும் பெரிய தொல்லை பூஞ்சை. வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. தண்ணீரைத் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. தெளித்த பிறகும் சிலந்திவலைபோல் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாவி நின்று, ஊசல் வாடை அடித்தால் அது பூஞ்சைதான். நெருக்கமாகத் தூவியது, தண்ணீர் தேங்கியது, காற்று போகாதது என்று காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பூத்த பகுதியை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைச் சாப்பிடும் யோசனை வேண்டாம். முழுத் தட்டையும் எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

பத்தாம் நாள் ஒரு நாற்றை வேரோடு பிடுங்கி மணியை நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, வெறும் தோல்தான். மணிக்குள் இருந்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைந்து வேருக்கும் இலைக்கும் போயிருக்கும். யோவான் 12:24-ஐ அந்தத் தோல் உள்ளங்கையில் இருக்கும்போது வாசிக்க வேண்டும். செத்துப்போகாத மணி தனித்திருக்கும் என்று இயேசு சொன்னதை விளக்க அதற்குமேல் பேச்சு தேவைப்படாது. வசனத்தின் இரண்டாம் பாதியையும் காட்ட ஆசையிருந்தால், 30 செ.மீ. சட்டியில் எட்டுப் பத்து மணிகளைத் தனியே விதைத்து வளரவிடுங்கள். நான்கு மாதம் பிடிக்கும். குளிர்ந்த பருவத்தில் விதைத்தால் ஒரே மணியிலிருந்து பல தூர்கள் வெடித்துக் கதிர் விடும். வெயில் காலத்தில் விதைத்தால் தூர் குறைந்து கதிரும் சிறுத்துவிடும்.

மாற்கு 4:26 முதல் 29 வரையுள்ள உவமையில் விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை எப்படி வளருகிறதென்று அவனுக்கே தெரியவில்லை. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிரில் நிறைந்த தானியம். இரவு கோதுமையை ஊறப்போட்டுவிட்டுப் படுக்கப்போகும் முன் வாசிக்க மூன்று நான்கு வசனம் போதும், அது இதுவாகவே இருக்கட்டும்.

சட்டிகள்

மண், மக்கிய எரு, அலசிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு, ஒரு வாளிக் கலவைக்கு இரண்டு கைப்பிடி மணல். கொத்தமல்லி, புதினா, கடுகு மூன்றுக்கும் இதே கலவைதான்.

கொத்தமல்லி முளைக்கவில்லை என்பது எல்லோரும் சொல்லும் குறை. நாம் விதை என்று சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. பூரிக்கட்டையை மேலே வைத்து லேசாக உருட்டினால் அது இரண்டாகப் பிளக்கும். அழுத்தினால் நொறுங்கி வீணாகும். பிளந்ததை இரவு முழுவதும் ஊறவைத்து 1 செ.மீ. ஆழத்தில் போட்டால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றைப் பிடுங்கி மாற்றி நட்டால் பிழைக்காது, அல்லது உடனே பூத்துவிடும். வெயில் ஏற ஏறப் பூப்பதும் விரைவாகும். கடும் வெயில் காலத்தில் காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். ஒரே சட்டியை நம்பாமல் மூன்று வாரத்துக்கு ஒரு சட்டி என்று விதைத்தால் சமையலறைக்கு இலை தட்டாது. பூத்த செடியைப் பிடுங்க வேண்டாம், காய்க்கவிடுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த உணவான மன்னா கொத்தமல்லி விதையைப்போல் இருந்தது என்கிறது யாத்திராகமம் 16:31. காய்ந்த விதைகளைக் கையில் கொட்டி அந்த அதிகாரத்தை வாசித்தால், காலையில் தரையிலிருந்து மன்னாவைப் பொறுக்குவது எவ்வளவு பொறுமையான வேலை என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

புதினாவுக்குத் தனிச் சட்டி. மற்றதோடு சேர்த்து நட்டால் அதன் தண்டுகள் மண்ணுக்கடியில் ஓடி சட்டியையே பிடித்துக்கொள்ளும். 10 செ.மீ. தண்டில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் பத்து நாளுக்குள் வேர்விடும். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துரு நோய். மருந்தெல்லாம் வேண்டாம், தரையோடு வெட்டி வெட்டியதை அப்புறப்படுத்துங்கள். புதுத் துளிர் பெரும்பாலும் சுத்தமாக வரும்.

கடுகைக் கீரைக்காக விதைத்தால் 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். ஆனால் ஒரு செடியையாவது பெரிய சட்டியில் விட்டுவையுங்கள். 2 மி.மீ.கூட இல்லாத விதையிலிருந்து ஒரே பருவத்தில் ஆள் உயரத்துக்கு எழும்பும் கருங்கடுகு வகையும் உண்டு. மத்தேயு 13:31-இல் உள்ள கடுகுவிதை உவமையைக் கதையாகச் சொல்வதைவிட அந்தச் செடியின் பக்கத்தில் பிள்ளையை நிற்கவைத்து உயரம் பார்ப்பது மனதில் நன்றாக நிற்கும். பூக்கும்போது அசுவினி மொய்க்கும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. மென்மையான திரவ சோப்பு கலந்து, மாலையில் இலையடியில் படும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

எருக்குழி பற்றி ஒன்றே ஒன்று: ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, சருகு போட்டுக் கிளறுங்கள். லூக்கா 13:8-இல் வெட்டப்படவிருந்த அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னொரு வருஷம் கேட்டதும், சுற்றிலும் கொத்தி எருப்போடத்தான்.

புளித்த மாவு

ஈஸ்ட் வாங்காமல் மாவும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்யும் ரொட்டி இது. கண்ணாடிக் குவளையில் 50 கிராம் முழுக் கோதுமை மாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்து தளர மூடிவையுங்கள். மறுநாளிலிருந்து தினமும் அதில் 50 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு 50 மாவு, 50 தண்ணீர் சேருங்கள். எடுத்துவிட்டதை முதல் வாரத்தில் எருக்குழியில் போடலாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் மாவு பொங்கி வழியும். மகிழ்ந்து உடனே ரொட்டி செய்யக் கூடாது. அந்தப் பொங்கல் ஈஸ்ட்டின் வேலை அன்று, வேறு பாக்டீரியாவின் வேலை. வாடையும் நன்றாக இராது. நான்காம் நாள் எல்லாம் அடங்கிச் செத்ததுபோல் கிடக்கும். பலர் இங்கேதான் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் இப்போதுதான் புளிப்பு ஏறி, அந்த பாக்டீரியாக்கள் ஒடுங்கி, ஈஸ்ட்டுக்கு இடம் கிடைக்கிறது. நிறுத்தாமல் தொடர்ந்தால் ஒரு வாரம் பத்து நாளில், மாவு சேர்த்த நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இருமடங்காக எழும்பி, பழவாசனை வரும். அப்போது தயார். குவளையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவைத்தால் எவ்வளவு ஏறியது என்பது தெரியும்.

ரொட்டிக்கு முந்தின இரவு 15 கிராம் புளித்த மாவோடு 45 மாவு, 45 தண்ணீர் சேர்த்து வையுங்கள். எடுத்த புளித்த மாவு குறைவு என்பதால் மெதுவாக ஏறி விடியற்காலையில் பதமாக இருக்கும். காலையில் 450 கிராம் முழுக் கோதுமை மாவை 330 கிராம் தண்ணீரில் பிசிறி அரை மணி மூடிவையுங்கள். தண்ணீரில் 30 கிராமைக் கடைசிக்கு நிறுத்திவைப்பது நல்லது, மாவுக்கு மாவு உறிஞ்சும் அளவு மாறும். பிறகு இரவு வைத்த புளித்த மாவில் 100 கிராம், 10 கிராம் உப்பு. கையால் நன்றாகக் கலந்து மூடுங்கள்.

இனி அரை மணிக்கு ஒருமுறை, நான்கு தடவை, ஈரக்கையால் மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடிக்க வேண்டும். நான்கு பக்கமும் மடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்லி முடிக்க ஏறக்குறைய அதே நேரம். அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கும் வரியை மாவில் கை வைத்தபடி சொல்வதற்கு ஒரு தனி ருசி உண்டு. வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு தடவை மடிக்கட்டும். மத்தேயு 13:33-இல் அந்தப் பெண் மூன்றுபடி மாவில் புளித்த மாவை அடக்கிவைத்துவிட்டு விலகி நிற்கிறாள். நாமும் மடித்து முடித்ததும் கையெடுத்துவிட வேண்டும்.

மாவு பாதி மடங்கு ஏறும்வரை வைத்திருங்கள். 28 டிகிரி வெப்பத்தில் மொத்தம் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள். இருமடங்காகும்வரை விட்டால் முழுக் கோதுமை தாங்காது: தவிடு மாவின் இழையை அறுத்துக்கொண்டே இருப்பதால் கையில் பிசுபிசுத்து, அடுப்பில் நடுவில் குழிவிழும். வெக்கை அதிகமான நாளில் புளித்த மாவை 50 கிராமாகக் குறைத்துக் குளிர்ந்த தண்ணீர் சேருங்கள். உருட்டி, எண்ணெய் தடவிய 23 × 13 செ.மீ. ரொட்டித் தகரத்தில் வைத்து, மேலும் ஒரு மணி நேரம் கழித்து, ஓவனில் 220 டிகிரியில் 20 நிமிடம், 190-இல் 25 நிமிடம் சுடுங்கள்.

சூட்டோடு அறுக்க ஆசை வரும். இரண்டு மணி நேரம் பொறுங்கள். உள்ளே மாவுச்சத்து இறுகும் முன் கத்தி பட்டால் நடுப்பகுதி பசைபோல் ஒட்டும்.

பந்தி

ஆதியாகமம் 25:34-இல் ஏசா சாப்பிட்டது அப்பமும் பயற்றங்கூழும். இந்த ரொட்டிக்கு அதுவே பொருத்தம். 200 கிராம் மைசூர் பருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், வதக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், ஒரு தேக்கரண்டி சீரகம். 20 முதல் 25 நிமிடத்தில் பருப்பு கரையும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பை முன்னாலேயே சேர்த்தால் பருப்பு வேக மறுக்கும். கரைந்த பிறகே சேருங்கள். கடைசி மூன்று நிமிடத்தில் 100 கிராம் நறுக்கிய கடுகுக்கீரை, இறக்கியதும் கொத்தமல்லியும் புதினாவும். இலையைக் கிள்ளும் வேலை சிறு பிள்ளைகளுக்கு, கத்தி பெரியவர்களுக்கு.

குடும்ப ஜெபம் நின்றுபோவதற்கு, செய்து பார்த்தவரையில், முதல் காரணம் நீளம். ஆறும் சாப்பாட்டின் முன் முழு அதிகாரம் வாசித்தால் பிள்ளைகள் வசனத்தையல்ல, தட்டைத்தான் பார்ப்பார்கள். சங்கீதம் 120 முதல் 134 வரை பதினைந்தும், 132-ஐத் தவிர, ஒன்பது வசனத்தைத் தாண்டாது. பருப்பு வேகும்போது வாசிக்க ஒரு நாளைக்கு ஒன்று. பந்தியில் அமர்ந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு நன்றி, அதுவும் அன்று கண்ணால் கண்ட ஒன்றாக இருக்க வேண்டும்: புதினாவில் புதுத் துளிர், மாவின் மேல் வந்த குமிழ். 'எல்லாவற்றுக்காகவும்' என்று பொதுவாகச் சொல்லும் பழக்கம் இந்த ஒரு விதியால் மெல்ல விலகுகிறது.

மீந்த ரொட்டியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி துணியில் சுற்றி வெளியே வைத்தால் மூன்று நாள் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் சீக்கிரம் வறண்டுபோகும். புளித்த மாவையோ குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை மாவும் தண்ணீரும் சேர்த்து. மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் பசியில் இருக்கிறது என்று அர்த்தம். கலக்கிவிட்டு இரண்டு வேளை ஊட்டினால் தேறும். இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடு, பூஞ்சை தெரிந்தால் மட்டும் முழுவதையும் கொட்டிவிட்டு, குவளையைக் கொதிநீரில் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள்.