ஒட்டு நின்றது, பக்கம் போனது

போன மாரிக்கு முன்னம் யாழ்ப்பாணம் குருநகரில் மாமாவின் பட்டறைக்கு ஒரு மூன்றரைத் தொன் போட்டின் புகைக்குழாய் வந்தது. எட்டு மாதத்துக்கு முந்தி மாமாவே ஒட்டிக் கொடுத்த 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். ஒட்டு அப்படியே இருந்தது, ஆனால் அதிலிருந்து நாலைந்து மில்லிமீற்றர் தள்ளி, ஒட்டுக்குச் சமாந்தரமாக ஒரு வெடிப்பு முக்கால் சுற்றுக்கு ஓடியிருந்தது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "மருமோன், நீ இதைத்தானே படிக்கிறாய், ஒட்டு நிக்குது, பக்கத்தில ஏன் போச்சு?"

உண்மையில் நான் படிப்பது விமான எஞ்சின் உலோகங்களை. ஒட்டிய இடம் கடும் சூட்டில் எப்படி அரிக்கப்படுகிறது என்பதுதான் என் வேலை. ஆனால் மாமாவின் கேள்வியும் அதுவும் ஒரே கேள்விதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் குழாயைச் சொல்கிறேன். 304இல் ஏறத்தாழ 18 வீதம் குரோமியம் இருக்கும், அதன் மெல்லிய ஒட்சைட்டுத் தோல்தான் துருவைத் தடுக்கிறது. ஒட்டும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டி 425 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் கொஞ்ச நேரம் நிற்கும், அந்தச் சூட்டில் உலோகத்துக்குள் இருக்கும் காபன், மணிகளின் (உலோகம் ஆகியிருக்கும் நுண்ணிய பளிங்குத் துணுக்குகளின்) விளிம்புக்கு ஓடிவந்து குரோமியத்தோடு சேர்ந்து காபைட்டாகிவிடும். ஒரு கிராம் காபன் பதினாறு கிராமுக்கு மேல் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். காபன் வேகமாக நகரும், குரோமியம் மெதுவாகத்தான் நகரும், அதனால் விளிம்பில் குறைந்ததை உள்ளிருந்து ஈடுசெய்ய நேரம் போதாது. அங்கே 12 வீதத்துக்குக் கீழே போனால் தோல் நிற்காது. தடித்த குழாய் என்பதால் மாமா இரண்டு மூன்று முறை மேலுக்கு மேல் ரொட் ஓட்டியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டி திரும்பச் சூடேறியிருக்கும். பிறகு பகலில் எஞ்சின் சூடு, இரவில் குளிர்ந்த குழாயில் உப்புக் காற்றும் டீசல் புகையின் ஈரமும்.

ஒரு துண்டை வெட்டி, மினுக்கி, ஒக்சாலிக் அமிலத்தில் மின் கொடுத்து அரித்துவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒட்டுக்குத் தூரத்தில் மணிகளின் விளிம்புகள் மெல்லிய படிகளாகத் தெரிந்தன, அந்தப் பட்டியில் மட்டும் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஆழமான கறுத்த பள்ளம். படத்தைப் போனில் பார்த்த மாமா, "வரம்பெல்லாம் அறுத்துக்கொண்டு போயிருக்கு" என்றார். எங்கள் பாடப் புத்தகம் எதிலும் இவ்வளவு சரியான வார்த்தையை நான் பார்க்கவில்லை.

சரி, விமானத்துக்கு வருவோம். பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்ததிலிருந்து சென்னைக்குப் போய்வருகிற ஏ.டி.ஆர். விமானங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவற்றின் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றைத்தான் நினைப்பேன், ஏனென்றால் ஓடுபாதைக்குக் கொஞ்சம் வடக்கே போனால் கடல். காற்றில் சோடியம் குளோரைட்டு, எரிபொருளில் கந்தகம் (ஜெட் ஏ-1இல் நிறைப்படி 0.3 வீதம் வரை அனுமதி). இரண்டும் எஞ்சினுக்குள் சேர்ந்தால் சோடியம் சல்பேற்று, அது 884 பாகையில் உருகும். உருகிய உப்பு உலோகத்தின் மேல் படர்ந்தால் காக்கும் ஒட்சைட்டுத் தோலைக் கரைத்துவிடும், கரைந்தது வேறிடத்தில் துளைகளோடு திரும்பப் படியும், அந்தத் துளை வழியே கந்தகம் உள்ளே போய்க் குரோமியத்தைப் பிடிக்கும். 884க்குக் கீழே என்றால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. நிக்கல் சல்பேற்றோடு கலந்தால் 671 பாகையிலேயே உருகும், சாதாரண உப்போடு கலந்தால் அதற்கும் கீழே.

இதில் ஒட்டு எங்கே வருகிறது? எஞ்சின்களில் அதிகம் ஒட்டப்படும் கலப்புலோகம் இன்கொனெல் 718. பாதிக்கு மேல் நிக்கல், 19 வீதமளவில் குரோமியம், 5 வீதமளவில் நையோபியம். அதன் வலிமையே நையோபியத்தால்தான், ஒட்டில் வரும் தொல்லையும் அதனால்தான். ஐஸ்பழம் உறையும்போது நிறமும் இனிப்பும் கடைசியாக உறையும் இடத்தில் போய்ச் சேருமே, அப்படி உருகிய ஒட்டு உறையும்போது நையோபியம் கடைசித் துளிகளில் குவிந்து லாவெஸ் என்ற நொறுங்கும் சேர்மமாகிவிடும், அதனால் ஒட்டும் பக்கமும் ஒரே கலவையாக இருக்காது, அரிப்பும் ஒரே மாதிரிப் போகாது. மெதுவாகக் குளிர்ந்தால் லாவெஸ் பெரிதாகும், சீக்கிரம் குளிரும் எலெக்ட்ரோன் கற்றை ஒட்டிலோ துடிப்பு மின்னோட்ட டிக் (டங்ஸ்டன் முனையால் மின்வில் எழுப்பும்) ஒட்டிலோ சிறுக்கும். வழக்கமான 980 பாகைச் சூட்டுப் பதப்படுத்தலில் அது முழுதாகக் கரையாது, 1,080ஐத் தாண்டினால் கரையும், ஆனால் அப்போது மணிகள் பெருத்துவிடும். அதன் பிறகு 720இல் எட்டு மணித்தியாலம், 620இல் எட்டு மணித்தியாலம் என்று பொறுமையாக முதிர வைக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்வது, ஒட்டிய துண்டில் சோடியம் சல்பேற்றும் வனேடியம் ஒட்சைட்டும் பூசி, உலையில் ஒரு மணித்தியாலம், வெளியே இருபது நிமிடம், திரும்ப உலை என்று ஐம்பது சுற்று, ஒவ்வொன்றிலும் நிறுப்பது. எனக்கு இதில் ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. நிறை கூடிய கணக்கை (ஒட்சைட்டு ஏற ஏற நிறை கூடும்) மட்டும் போட்டு எந்த ஒட்டு நல்லது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். உதிர்ந்து விழுந்த செதில் தராசில் ஏறாது, ஐந்து மில்லிமீற்றர் பட்டியில் மட்டும் உள்ளே போன அரிப்பு முழுத் துண்டின் நிறையில் தெரியவே தெரியாது. வெட்டிப் பார்க்க வேண்டும், ஒட்டையும் பக்கத்தையும் தாய் உலோகத்தையும் தனித்தனியாக.

மாமா இப்போது 316எல் குழாயும் 316எல் ரொட்டும்தான் எடுக்கிறார், கடைசியில் வரும் அந்த 'எல்' காபன் 0.03 வீதத்துக்குள் என்று சொல்கிற எழுத்து. ஒரு ஓட்டம் முடிந்து குழாயைக் கை பொறுக்குமளவுக்கு ஆறவிட்டுத்தான் அடுத்தது. இரும்புக்குப் பாவித்த கம்பித் தூரிகையை இதற்குத் தொடுவதில்லை, ஒட்டுக்குப் பக்கத்தில் ஏறும் வைக்கோல் நிறத்தையும் நீலத்தையும் முழுதாகத் தேய்த்து எடுக்கிறார், ஏனென்றால் அந்த நிறத்துக்குக் கீழேயும் குரோமியம் குறைந்த ஒரு படை இருக்கும். உங்கள் போட்டில், மில்லில், அடுப்பில் இப்படி எதுவும் வெடித்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒட்டிலிருந்து வெடிப்பு எத்தனை மில்லிமீற்றர் தள்ளி ஓடுகிறது என்று அளந்து, கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், துண்டைத் தந்தால் வெட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.