44 கிலோவில் தொடங்கிய என் கர்ப்பகாலம்

பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு 'குச்சி' என்றுதான் பெயர். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தடவை பதிந்தபோது எடை 44 கிலோ, உயரம் 158 செ.மீ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண், 17.6. 18.5-க்குக் கீழே இருந்தாலே எடை குறைவுதான். "பிரசவத்துக்குள்ள பன்னிரண்டரை கிலோவாவது ஏறணும்மா. பதினெட்டு வரைக்கும் போகலாம்" என்றார் சிஸ்டர். எனக்கு மலைப்பாக இருந்தது.

முதல் மூன்று மாதம் வாந்தியிலேயே போனது. ஏறுவதற்குப் பதில் ஒரு கிலோ குறைந்தது. அந்தக் கட்டத்தில் நிறையப் பேருக்கு இப்படித்தான், அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோ போல ஏறினால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னார்கள்.

வாந்தி நின்றதும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று மாமியார் சோற்றை அள்ளி வைப்பார். "ரொம்பத் தின்னா புள்ள பெருத்துரும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்பார் பெரியத்தை. இரண்டு பேருக்கும் என்மேல் பிரியம்தான். ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே பயம் வந்துவிடும்.

அந்தப் பயத்தைத் தீர்த்தது ஒரு எளிய கணக்கு. கர்ப்பிணிக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு 350 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை சேர்ந்தாலே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். ஒல்லியாகத் தொடங்கியதால் எனக்கு அதற்கும் கொஞ்சம் மேலேயே தேவைப்பட்டது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கட்டியில்லாமல் பிசிறி, இட்லித் தட்டில் துணி போட்டு ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவிப் புட்டாகச் சாப்பிட்டேன். சாயங்காலப் பசிக்கு அதைவிட நல்லது எதுவும் எனக்கு அமையவில்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாமல் நேரம் பிரித்துப் போட்டேன். டீயோடு போடவே கூடாது.

எடை ஏறத் தொடங்கியதும் மனசு வேறு மாதிரித் தொல்லை கொடுத்தது. தொடை பருத்தது, கழுத்து கறுத்தது, வயிற்றில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. தேங்காய் எண்ணெய் தடவியதில் அரிப்பு அடங்கியது, கோடு போகவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது இது யாருடைய உடம்பு என்றிருக்கும். அப்போது சிஸ்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டியதுதான் என்னை நிமிர்த்தியது. குழந்தை மூன்று கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குட நீரும் கர்ப்பப்பையும் ஆளுக்கு ஒரு கிலோ போல, கூடுதல் ரத்தம் ஒன்றேகால், மார்பு அரை, உடம்பில் சேரும் நீர் ஒன்றரை. மிச்சம் மூன்று கிலோ சொச்சம்தான் கொழுப்பு. அதுவும் பால் கொடுக்கும் காலத்துக்கான சேமிப்பு. அதைப் படித்தபிறகு என் உடம்பை எனக்குப் பிடித்தது. உண்மையாகவே பிடித்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. பட்டுப்புடவை பிளவுஸை இரண்டு பக்கமும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. வந்த சொந்தக்காரர்களோ, "வயிறே தெரியலையே, புள்ள வளருதா?" என்றார்கள். நலங்கு வைத்த கன்னத்தோடு சிரித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த பரிசோதனையில் சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். படுக்கவைத்து, அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சிவரை டேப் வைத்து அளந்தார். 27 செ.மீ. அப்போது எனக்கு 28 வாரம். இருபது வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், ஒன்றிரண்டு வித்தியாசம் சாதாரணம் என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "அளந்து பாத்தாச்சு சித்தி, நல்லா வளருது" என்று முகம் பார்த்தே பதில் சொன்னேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எடை ஒரே வாரத்தில் திடுதிப்பென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அது சாப்பாட்டினால் வந்த எடை இல்லை. அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்கு முன் நான் 57 கிலோ. சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ.

இப்போது என் நாத்தனார் உண்டாகியிருக்கிறாள். "நீங்க என்ன சாப்பிட்டீங்க அண்ணி, அதையே நானும் சாப்பிடுறேன்" என்றாள். அவள் தொடக்க எடை 72 கிலோ, உயரம் 160 செ.மீ. பி.எம்.ஐ. 28, அதாவது எடை கூடுதல். அவளுக்கு 7 முதல் 11.5 கிலோ ஏறினால் போதும். அதனால் என் புட்டுக் கணக்கு அவளுக்கு ஆகாது. பாலும் முட்டையும் கீரையும் இருக்கட்டும், இனிப்பையும் பலகாரத்தையும் குறை, சிஸ்டர் சரியென்றால் சாயங்காலம் அரை மணி நேரம் நட என்று சொல்லியிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவளைப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன்.