மெட்டல் டிடெக்டர்: போட்ட காசு திரும்பி வருமா?

கரூரிலிருந்து மாமனார் பேசும்போது, பேத்தியின் படிப்பை விசாரித்த கையோடு ஒரு கேள்வி கேட்பார்: "என்ன மாப்பிள்ளை, அந்த மெஷினுக்குப் போட்ட காசு வந்துவிட்டதா?" ஜவுளி வியாபாரத்திலேயே காலம் கழித்தவர். லாபமா நஷ்டமா என்று அவருக்கு ஒரு வரியில் சொல்ல வேண்டும். இப்ஸ்விச்சில் இருக்கும் நண்பர்கள் சிலரும், கருவி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும்போது இதையேதான் கேட்கிறார்கள். கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில். வார நாட்களில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், உழவரிடம் அனுமதி வாங்கிய வயல்களில், காதில் ஹெட்போனும் கையில் டிடெக்டருமாக நடக்கிறேன். பெரும்பாலும் கோதுமையும் பார்லியும் அறுத்து முடித்த பிறகு, அடுத்த விதைப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளியில்தான் இது நடக்கும்.

முதலில் செலவு. என் கருவி ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற மைன்லேப் எக்வினாக்ஸ்; 400 பவுண்ட் கொடுத்தேன். குழிக்குள் நாணயம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காட்டும் சிறிய பின்பாயின்டர் 90 பவுண்ட். எஃகு மண்வெட்டி 45. தேசிய அளவிலான டிடெக்டர் சங்கத்தில் சிறு சந்தா கட்டினால் ஒரு கோடி பவுண்ட் வரைக்கும் பொறுப்புக் காப்பீடு கிடைக்கிறது. அது இல்லாமல் எந்த உழவரின் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. ஆனால் இவை எதுவும் உண்மையான செலவு அல்ல. கருவியை நன்றாக வைத்துக்கொண்டால் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைவாக விற்றுவிடலாம். திரும்பாத பணம் பெட்ரோலில் போகிறது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் வயலுக்குப் போய்வர இன்றைய விலையில் பன்னிரண்டு பவுண்ட் ஆகிறது. சில பருவங்கள் அப்படிப் போனால் பெட்ரோல் செலவு கருவியின் விலையை எட்டிப்பிடித்துவிடும். கட்டணம் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வயலில் இறக்கிவிடும் கூட்டங்களும் உண்டு. அவற்றுக்கு நான் போவதில்லை.

இனி வரவு. இதைப் புரிந்துகொள்ளக் கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே இருக்கும் வட்டச் சுருள் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல்கள் எழுகின்றன; அவை திருப்பி அனுப்பும் சைகையைக் கருவி ஒலியாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. பெரிய வெள்ளி நாணயத்துக்கு உயர்ந்த எண் வரும், இரும்பாணிக்குத் தாழ்ந்த எண். மெல்லிய தங்க மோதிரத்துக்கோ, குளிர்பான டப்பாவின் மூடி வளையத்துக்கு வரும் அதே எண்தான் வரும். சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளுக்கும் அதற்கும்கூடப் பெரிய வேறுபாடு இல்லை. தங்கம் வேண்டுமென்றால் அத்தனை குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். கருவி விற்பவர்களின் வீடியோக்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

நாள் முழுக்க நடந்தால் என்ன கிடைக்கும்? பட்டன்கள், ஈயத் துண்டுகள், மஸ்கட் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள், எழுத்துத் தேய்ந்து வழவழப்பாகிப்போன ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் செப்புக் காசுகள். வயலில் இத்தனை பட்டன் எப்படி வந்தது என்று தொடக்கத்தில் வியந்தேன். நகரத்துக் குப்பையையும் கந்தலையும் அந்தக் காலத்தில் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து உரமாகக் கொட்டியிருக்கிறார்கள். எப்போதாவது ஒரு வெள்ளி பென்னி வரும். முதலாம் எட்வர்ட் 1279இல் தொடங்கிய நீள்சிலுவை வகை நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. விரல் நகம் அளவே இருக்கும் மெல்லிய தகடு, எழுநூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் லண்டன் நாணயச்சாலையின் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. இப்படிப்பட்ட நாணயத்துக்குச் சந்தையில் இருபது முப்பது பவுண்ட் தருவார்கள். அந்த விலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் என் கணக்கில் அது வரவாக ஏறவில்லை.

காசு உண்மையிலேயே வருவது கடற்கரையில். கிரேட் யார்மத், லோஸ்டாஃப்ட் மணல்களில் குளிர்காலத்துக் கீழைக்காற்று ஓங்கி அடித்த மறுநாள், மேல்மணல் அரித்துப்போய்க் கனமான பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும். பவுண்ட் நாணயங்கள் வரும். 2017 அக்டோபரோடு செல்லாமல்போன பழைய வட்டப் பவுண்டுகளையும் வங்கியில் கணக்கில் கட்டிவிடலாம். ஒரு பென்னி, இரண்டு பென்னிகளில் 1992க்குப் பிறகு அடித்தவை செம்பு பூசிய எஃகு. கடல்நீரில் துருப்பிடித்து உதவாமல்போய்விடுகின்றன. மோதிரம் கிடைத்தால் அது எடுத்தவருக்குச் சொந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொலைத்தவர் எங்கோ இருக்கிறார்; காவல்துறையிடம் தெரிவிப்பதே முறை. சில்லறையை மட்டும் எண்ணினாலே ஆண்டுக்கு எழுபது எண்பது பவுண்ட் தேறுகிறது. பேட்டரிக்கும் சந்தாவுக்கும் அது போதும், சில மாதத்துப் பெட்ரோலுக்கும் காணும். வரவு செலவை மட்டும் பார்ப்பவர் கடற்கரையோடு நின்றுவிடலாம். எனக்கு அங்கே அலுத்துப்போகிறது. நேற்று ஒருவர் பையிலிருந்து விழுந்ததை எடுப்பதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

"அப்படியானால் புதையல்?" என்பீர்கள். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் குறைந்தது பத்து விழுக்காடு தங்கமோ வெள்ளியோ கலந்ததுமான பொருள், ஒரே இடத்தில் கிடைத்த அந்தப் பழமையுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நாணயங்கள் போன்றவை புதையல். 2023இலிருந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மிக முக்கியமான பொருள்களும், எந்த உலோகமாக இருந்தாலும், இதில் சேர்கின்றன. பதினான்கு நாட்களுக்குள் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். அருங்காட்சியகம் ஒன்று வாங்க முன்வந்தால், வல்லுநர் குழு மதிப்பிட்ட தொகையை வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள். 2019இல் இங்கிலாந்தின் தென்மேற்கே செவ் பள்ளத்தாக்கில் ஏழு பேர் சேர்ந்து கண்டெடுத்த 2,584 வெள்ளி நாணயங்களுக்கு 43 லட்சம் பவுண்ட் மதிப்பு. பாதி நிலத்துக்காரருக்கு, மீதி ஏழு பேருக்கு. செய்திகளில் நாம் படிப்பது இப்படிப்பட்டவற்றைத்தான். எனக்கு வாய்த்தது பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பொன்முலாம் பூசிய வெள்ளி ஆடைக்கொக்கி. மதிப்பு 260 பவுண்ட். விசாரணை, மதிப்பீடு என்று ஒன்றரை ஆண்டு கழிந்த பின் என் பங்காக 130 வந்தது. அந்தப் பணத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். ஆனால் அதை நம்பி யாரும் மாதத் தவணையில் கருவி வாங்கக் கூடாது.

என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஹாக்ஸ்ன் என்ற ஊரைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1992 நவம்பர் 16 அன்று எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர், நண்பரான குத்தகை உழவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார். கையில் இருந்தது பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த டிடெக்டர். அகப்பட்டது ரோமர் காலத்துத் தங்க, வெள்ளிக் குவியல். நாணயங்களே 14,865. கொஞ்சம் தோண்டியதுமே இது என்னவென்று புரிந்துகொண்டு, அவர் நிறுத்திவிட்டார். உடனே தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, பெட்டிக்குள் எந்தப் பொருளின் மேல் எந்தப் பொருள் அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை பதிந்து எடுத்தார்கள். பதினேழரை லட்சம் பவுண்ட் கிடைத்தது. அதை உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிறகு கிடைத்தது; அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் குவியலில் நான்கு மிளகுக் குப்பிகள் உண்டு. ஒன்று பத்துச் சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணின் வெள்ளி மார்பளவுச் சிலை, ஆங்காங்கே பொன்முலாம் பூசியது. அடியில் சுழலும் தட்டு: ஒரு நிலையில் மிளகை நிரப்பலாம், ஒரு நிலையில் மூடிவிடலாம், ஒரு நிலையில் தூவலாம். லண்டனில் அதன் முன் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. யவனர் கப்பல்கள் முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அந்தத் துறை விளங்கிய காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டதுதான் இந்தக் குப்பி. ஆனாலும் இந்தியக் கரையிலிருந்து போன மிளகு இல்லையென்றால் இந்தக் குப்பியைச் செய்யும் வேலையே இருந்திராது. சஃபோக் களிமண்ணில் நான் நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த நினைப்பு கூடவே வருகிறது.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2015இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, யாருக்கும் சொல்லாமல் துண்டு துண்டாக விற்றார்கள். ஏறத்தாழ முந்நூறு நாணயங்கள் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. மீட்கப்பட்டவை 31 மட்டுமே. 2019இல் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. முறைப்படி அறிவித்திருந்தால் தலைமுறைக்கும் போதுமான பணம் அவர்களுக்கே வந்திருக்கும். எனக்கு ஆத்திரம் பணத்துக்காக அல்ல. அன்றைய இங்கிலாந்தின் இரு அரசுகளான வெசெக்ஸின் அரசர் ஆல்ஃபிரட்டும் மெர்சியாவின் அரசர் கியோல்வுல்ஃபும் கூட்டாக இருந்ததற்குச் சான்றான நாணயங்கள் அதில் இருந்தன. எத்தனை இருந்தன, எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்ற செய்தி அழிந்துபோனது. கிடந்த இடம் தெரியாத பழங்காசு வெறும் உலோகத் துண்டு.

அதனால்தான் என் நாணயங்களை மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொண்டு போகிறேன். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிந்துவைக்க 1997இல் தொடங்கிய திட்டம் இது. பதிந்த பொருள்கள் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. படமெடுத்து, எடை பார்த்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, புதையல் அல்லாதவற்றைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒரு பவுண்டுக்கும் விலைபோகாத, பச்சை படிந்த நான்காம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் சிலவற்றை நான் அப்படிப் பதிந்திருக்கிறேன். அதே காலத்து ரோமச் செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன என்று சொன்னபோது அந்த அலுவலர் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு அமராவதி ஆறு எங்கே ஓடுகிறது என்று கேட்டார்.

அமராவதி என்றதும் மாமனார் விடமாட்டார். "கருவியை ஒருமுறை ஊருக்குக் கொண்டு வாருங்கள் மாப்பிள்ளை, ஆற்றில் இறங்கிப் பார்க்கலாம்" என்பார். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்த ஊர் அவருடையது. ஆசை வராமல் இருக்குமா? மரியாதையாக மறுத்துவிட்டேன். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்டெடுத்தவர் நேரே கொண்டு போய்ப் பதிந்து திரும்பப் பெறும் இங்குள்ள ஏற்பாடு அங்கே இல்லை. கருவி இருக்கிறது என்பதற்காக அந்த ஆற்றுமணலைக் கிளற எனக்கு உரிமை இல்லை.

மாமனாருக்குச் சொல்லும் விடை இதுதான்: கருவியின் விலையில் முக்கால்வாசி திரும்பிவிட்டது, பெட்ரோலுக்குப் போட்ட காசு திரும்பவில்லை, இனித் திரும்பப்போவதும் இல்லை. இப்போது பதினைந்து மைலுக்குள் இருக்கும் மூன்று பண்ணைகளோடு நிறுத்திக்கொண்டேன். செலவு பாதியாகிவிட்டது, அந்த மண்ணும் பழகிவிட்டது.

இப்ஸ்விச் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. ஆயிரம் பவுண்ட் கருவியை ஆர்டர் செய்யும் முன் ஒரு ஞாயிறு என்னோடு வாருங்கள். பழைய கேரெட் ஏஸ் டிடெக்டர் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது, அதைத் தருகிறேன். உழவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், ஆகவே இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். நீர் புகாத பூட்ஸ் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.