வந்த காரணம்: சும்மா

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. மேல்மாடியில் இரண்டு அறைகள். மகன் மெல்பேர்னுக்குப் போன பிறகு ஒன்றில் பழைய புத்தகங்களும் மற்றதில் என் கணவர் ஒருநாளும் ஏறாத உடற்பயிற்சிச் சைக்கிளும் குடியிருந்தன. "எயார்பிஎன்பியில் போடுங்கள் அம்மா" என்று, வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அந்த இணையத்தளத்தை 2018இல் மகன்தான் சொன்னான். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுவதா என்று கணவர் முகத்தைச் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் தங்காத வருடம் எது?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் வெள்ளவத்தைக்குத்தான் வருவார்கள். மாமியின் பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மருமகன், மருமகனின் சிநேகிதன். கடவுச்சீட்டு எடுக்க, விசாவுக்கு அலைய, வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவரின் தொலைபேசிக்குக் காத்திருக்க. உறவில்லாதவர்கள் லொட்ஜுகளில் தங்கினார்கள். யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த முகவரி, கடைசியில் வந்த காரணம். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று இரவு உட்கார்ந்து யோசிப்போம். வைத்தியம் என்று எழுதுவதே பாதுகாப்பு. அதற்கு ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று கையில் இருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பஸ்களில் ஏற்றிய அன்று இரவு எங்கள் மேல்மாடியில் நான்கு பேர் இருந்தார்கள். விளக்குப் போடவில்லை.

ஆகவே சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வீட்டைப் பதிவதற்குக் கேட்ட பத்திரங்களில் பொலிஸ் அறிக்கையும் ஒன்று என்றவுடன் கணவர் கோப்பை மூடிவிட்டார். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கிராம சேவகரின் சான்றிதழ், வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, மாநகர சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் நானே சேர்த்தேன். ஓர் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தைத் தொலைத்துவிட்டு, நான் கொடுக்கவே இல்லை என்றார்கள். நல்ல வேளை, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வைத்திருந்தேன். நீங்களும் வைத்திருங்கள். கடைசியில் பொலிஸுக்கும் நான்தான் போனேன். மேசையில் இருந்த இளைஞர் தமிழில் பேசினார். வெள்ளைக்காரர்கள் காரச் சாப்பாடு சாப்பிடுவார்களா என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம். பத்து நிமிட வேலை. வெளியே வந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது கை நடுங்கியது. ஏனென்று கணவரிடம் சொல்லத் தேவைப்படவில்லை.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் குளியலறை, நுளம்பு வலை, தீயணைப்புக் கருவி என்று பார்த்தார்கள். எனக்குத் தலைவலி தந்தது பிளக். எங்களுடையது பழைய வீடு. ஓர் அறையில் வட்டமுனை, மற்றதில் 13 அம்பியர் சதுரமுனை. வருகிறவர்கள் கொண்டுவருவதோ வேறொன்று. அடாப்டர்களை வாங்கிப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். விருந்தாளிகள் அவற்றைத் தம்முடையவை என்று நினைத்துக் கொண்டுபோய்விடுவார்கள். இதுவரை பதினொன்று போய்விட்டன. துவாய் ஒன்றுகூடப் போனதில்லை.

முதலில் வந்தவர் ஒல்லாந்துக்காரர், ஓய்வுபெற்றவர். விளம்பரத்தில் கடல் பக்கத்தில் என்று பெருமையாக எழுதியிருந்தேன். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ரயில் பாதை இருப்பதை எழுதவில்லை. எங்கள் காதுக்கு அது கேட்பதே இல்லை. அவருக்கு விடியற்காலை முதல் ரயிலே கட்டிலுக்கடியில் ஓடியதுபோல் இருந்திருக்கிறது. மூன்று நட்சத்திரம் போட்டார். அன்றே ரயிலை முதல் வரியில் எழுதினேன். பிறகு அதற்காகவே தேடி வந்தவர்களும் உண்டு.

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை என்பதையும் எழுதிவைத்தேன். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை. வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்து அவர்களே கழற்றிவிடுகிறார்கள். படித்த நம்மவர்கள் சிலர்தான் சப்பாத்தோடு வருகிறார்கள்.

கணவர் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளோடு இருந்த முன்பதிவுகள் அத்தனையும் ஒரே வாரத்தில் போயின. பிறகு கொரோனா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. டொலரில் வருமானம் வரும் வீட்டுக்கு அது யோகம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வர ஆள் வேண்டாமா? அந்த வருடம் வந்தவர் ஒரே ஒரு கொரியப் பெண். மின்வெட்டில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தாள். கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, இது எந்த நட்சத்திரம், அது எந்த நட்சத்திரம் என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எரிவாயு இல்லாததால் விறகில்தான் சமைத்தேன். அவள் ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

தங்குபவர்களின் விவரத்தை எழுத ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். கோடு போட்டவர் கணவர். பெயர், நாடு, கடவுச்சீட்டு இலக்கம், கடைசிக் கட்டம் வந்த காரணம். அது தேவையில்லை என்றேன். இருக்கட்டும் என்றார். திமிங்கிலம் பார்க்க என்று எழுதியிருக்கிறார்கள். தேனிலவு. மாம்பழம். ஒரு ஜெர்மன் பையன், காரணம் எதுவும் இல்லாவிட்டால் உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டு, நான் தாளில் எழுதிக்காட்டியதைப் பார்த்து, படம் வரைவதுபோல் "சும்மா" என்று எழுதினான். கணவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் திறந்து வைத்திருந்தார்.

சென்ற மாதம் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி சாவகச்சேரியிலிருந்து ஒரு கலியாண வீட்டுக்கு வந்தார். 2007இல் அந்த மேல்மாடியில் இருந்த நால்வரில் ஒருவர். பழக்கதோஷத்தில் கணவர் கொப்பியை நீட்டினார். அவரும் ஒன்றும் கேட்காமல் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். கடைசிக் கட்டத்தில் வைத்தியம் என்றிருந்தது.