மின்னஞ்சலுக்கு ஸ்கிரிப்ட் வேண்டும், ஆனால் அளவோடு

மின்னஞ்சல் மென்பொருளில் நாமே ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதி ஓட்டும் வசதி கட்டாயம் வேண்டும். "இவரிடமிருந்து வந்தால் அந்த ஃபோல்டருக்கு அனுப்பு" என்கிற அளவில் நின்றுவிடும் ஃபில்டர், தினமும் கட்டுக்கட்டாக மெயில் வாங்குகிறவர்களுக்குப் போதாது.

இதைக் கேட்டாலே சிலர் பயப்படுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ், வேர்ட் கோப்புக்குள் இருந்த ஒரு மேக்ரோதான், அதாவது கோப்போடு சேர்ந்தே வரும் ஒரு ஸ்கிரிப்ட். அது அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளை இயக்கி, முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அடுத்த வருஷம் மே மாதம் ஐ லவ் யூ வைரஸ் வந்தது, அது பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போனது.

அதனால்தான் மெயிலைப் பிரித்து வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கென்றே இருக்கும் சீவ் (Sieve) மொழி எனக்குப் பிடிக்கும். 2001-இல் இணையத் தரநிலையாக வெளிவந்து 2008-இல் திருத்தப்பட்டது. அதன் அடிப்படை மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) கிடையாது, வெளி நிரல் எதையும் இயக்கவும் முடியாது, வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். சர்வரிலேயே ஓடுவதால் நம் லேப்டாப் அணைந்திருந்தாலும் வேலை நடக்கும்.

சரி, அதற்கு மேல் வேண்டுமென்றால்? தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளின் இப்போதைய ஆட்-ஆன் (கூடுதல் நிரல்) முறையில் மெயிலைப் படிக்க, நகர்த்த, அழிக்க, அனுப்ப எனத் தனித்தனி அனுமதி உண்டு. இதுதான் சரியான வழி. படிக்கிற ஸ்கிரிப்டுக்கு அனுப்பும் உரிமை எதற்கு?

அப்புறம், சீவ் புதிதாக எழுதுகிறவர்கள் மெயிலை ஒரு ஃபோல்டரில் போடும் ஃபைல்இன்டூ (fileinto) கட்டளையோடு மட்டும் தொடங்குங்கள். தப்பான ஃபோல்டருக்குப் போன மெயிலைத் தேடி எடுத்துவிடலாம், டிஸ்கார்ட் (discard) கட்டளையால் தூக்கி எறிந்தது சத்தமில்லாமல் போய்விடும், திரும்ப வராது.