வடக்கு தெற்காக வைத்த ரேடியோ

இயற்பியல் சார் காலமான செய்தி பழைய மாணவர் சங்கக் குழுவில் வந்ததும் ஆளாளுக்கு எழுதியது ஒன்றைத்தான்: விடுதியில் ஸ்டடி நேரத்தில் தலையணைக்கு அடியில் பிடிபட்ட டிரான்சிஸ்டர். மறுநாள் முதல் பீரியடில் அதை மேசைமேல் வைத்து, "எங்கே, கொழும்பை எடுத்துக் காட்டுங்கலே பாப்போம்" என்றார்.

முள்ளை எங்கே திருகினாலும் திருநெல்வேலிதான் பேசியது. 1963-இல் தொடங்கிய நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ். நாங்குநேரிப் பக்கம் அதன் பலத்துக்கு மலிவான செட்டுகளில் மற்ற நிலையங்கள் அமுங்கிப்போகும். மின்காந்த அலையின் வரையறையை ஒரே மூச்சில் ஒப்பிக்கிற வகுப்பு முழித்தது. "படிச்சது பூரா புஸ்தகத்துக்குள்ளயே கெடக்காலே?" அடித்திருந்தால் மறந்திருப்போம்.

பிறகு மூடியைக் கழற்றினார். உள்ளே சாக்பீஸ் பருமனில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு, அதன்மேல் செப்புக் கம்பிச் சுருள். மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல். இழுத்து நீட்டும் கம்பி ஷார்ட் வேவுக்கு. தண்டின் பக்கவாட்டு பார்க்கும் நிலையம் நன்றாகக் கேட்கும், நுனி பார்க்கும் நிலையம் அடங்கிவிடும். திருநெல்வேலி நிலையம் இருக்கும் பாளையங்கோட்டை நமக்கு வடக்கே, இலங்கை கிழக்கே. ஆகவே செட்டை வடக்கு தெற்காக வைக்க வேண்டும். "எது வேணும்னு தேடாத. எது வேண்டாமோ அதுக்கு நுனியக் காட்டு" என்பார். திருச்செந்தூர்ப் பையன்களுக்கு லீவில் இந்த வித்தை பலிக்காது. அங்கே மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்.

நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடப்பது உப்புக்கடல். நிலத்தைவிட அதன்மேல் மீடியம் வேவ் தேயாமல் வெகுதூரம் வரும். காலையில் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குக் கடல்தான் காரணம். இருட்டியபின் வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து கலப்பதால் குரல் ஏறி இறங்கும். அங்கே அறிவிப்பாளராக இருந்த கே.எஸ். ராஜா பேசும் வேகத்துக்கு ஒரு நொடி அமுங்கினாலும் ஒரு வாக்கியம் போயிற்று. வார்டன் அறை டியூப்லைட் சோக்கின் இரைச்சல் தனி.

பேட்டரிக் கட்டை நான்கு. சத்தத்தைக் கூட்டும்போது குரல் கரகரத்தால் கட்டை இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவே. காசு மிச்சம் பிடிக்கப் பழசோடு புதுசைக் கலந்தால் பழசு முதலில் வடியும். வடிந்தது ஸ்பிரிங்கை அரித்துவிட்டால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சில சமயம் கரகரப்பு போகாது. காலாண்டு லீவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சார் கேட்பது, "கட்டையக் கழத்திட்டியாலே?"

இங்கே சிங்கப்பூரில் எல்லா நிலையமும் ஃபோனிலேயே வருகிறது. எதற்கும் நுனி காட்ட வேண்டியதில்லை. எத்தனையோ லீவுக்கு ஊருக்குப் போயும் சார் வீட்டுப் பக்கம் போகவில்லை. துக்கத்துக்குப் போன நம் வகுப்புக்காரர் ஒருவர் சொன்னார், சார் அலமாரியில் ரேடியோ இப்போதும் வடக்கு தெற்காகத்தான் இருக்கிறதாம். கட்டை உள்ளே இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.