எந்தக் காற்றுக்கு எந்தக் கரை

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா. மீனவர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டும் ஒரே பார்வையில் தெரியும்: ஒரு பக்கம் அலை அறைந்துகொண்டிருக்க, மறுபக்கம் குளம்போல் கிடக்கும். இந்தத் தீவின் அழகே அதுதான். ஆனால் எந்தப் பக்கம் அடங்கியிருக்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஆண்கடல் கொந்தளிக்கும், தனுஷ்கோடியில் மணல் ஊசியாய்க் குத்தும். அப்போது குழந்தைகளோடு வருபவர்களுக்கு வடகரைதான் சரி. மண்டபத்துக்கு மேற்கே அரியமான் கடற்கரை நல்ல ஆழமற்ற இடம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும், வடகடல் கலங்கிவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பருவத்தில் வந்ததுதான். தை பிற்பாதி முதல் பங்குனி வரை இரண்டு கடலும் பெரும்பாலும் சாந்தம். எங்களைக் கேட்டால், அப்போது வாருங்கள்.

பவளப்பாறை பார்க்க வேண்டுமா? 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவுக்கு, பாம்பன் பக்கமுள்ள குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறது. காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் விசாரியுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏற ஏற காற்றும் ஏறும், அடிவண்டல் கிளம்பி நீர் கலங்கும், கண்ணாடிப் படகிலும் ஒன்றும் தெரியாது. பாறைமேல் கால் வைக்கவே வைக்காதீர்கள், அது உயிருள்ளது.

தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள். இரு கடல் நீரும் மோதி இழுக்கும், காலடி மணலும் சட்டென்று ஆழத்தில் சரியும். பெட்ரோல், குடிநீர் எல்லாம் ராமேஸ்வரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி மீனவப் பெண்கள் மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் அள்ளுவதைப் பார்க்கலாம். மழைநீர் உப்புநீரைவிட லேசு. மண்ணுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உவர்ப்பு ஏறிவிடும், அதனால் ஊறும்வரை காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக மொள்கிறார்கள். அந்த ஊற்றுகளில் கைகால் கழுவாதீர்கள்.

மீனுக்காக வருபவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடையில் ஐஸ் மீன் நிறைய இருக்கும், விலையும் ஏறும். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும், “இன்னைக்கு நாட்டுப்படகுல என்ன வந்துச்சு?” என்று கரையிலேயே கேட்டு வாங்குங்கள்.